மலையில் தலைகளை எண்ணாதீர்கள், நேரத்தை எண்ணுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றே. மலைப்பகுதியில் துணை சுகாதார நிலையம் எங்கே அமைய வேண்டும், ஆம்புலன்ஸ் எங்கே நிற்க வேண்டும், எந்த மருந்து எங்கே இருப்பில் இருக்க வேண்டும் என்பவற்றை மக்கள்தொகையை வைத்துத் தீர்மானிக்கும் முறையைக் கைவிடுங்கள். நோயாளி தன் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு முதல் சிகிச்சை கிடைக்கும் இடத்தை அடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்தே தீர்மானியுங்கள். கீழே நான் எழுதுவன எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதாம்.

இப்போதுள்ள விதி தாங்கள் அறிந்ததே. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் சமவெளியில் 30,000 பேருக்கும் மலையில் 20,000 பேருக்கும் ஒன்று. காகிதத்தில் பார்த்தால் மலைக்குச் சலுகை காட்டியிருப்பது போலத்தான் தெரியும். ஆனால் சமவெளியில் 5,000 பேர் என்பது பெரும்பாலும் தார்ச்சாலையால் இணைந்த இரண்டு மூன்று ஊர்கள். கல்வராயன் மலையிலோ சவ்வாது மலையிலோ 3,000 பேர் என்பது, ஒரு முகட்டில் நாற்பது வீடு, அடுத்த பள்ளத்தில் பதினைந்து வீடு, ஓடையைத் தாண்டினால் பத்து வீடு என்று சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் கூட்டுத்தொகை. அந்தக் கூட்டுத்தொகை 3,000-ஐ எட்டிய இடத்தில் ஒரு கட்டடம் எழும்பியதும் கோப்பில் விதி நிறைவேறிவிடுகிறது. ஓடைக்கு அந்தப்புறம் இருப்பவர், மழைக்காலத்தில் அந்தக் கட்டடத்தை அடைய அரை நாள் ஆகும் என்ற செய்தி எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. ஏற்றுவதற்கு அங்கே பத்தியும் கிடையாது.

தூரத்தை வைத்துத் திட்டமிடத் தெரியாத அரசு அல்ல நம்முடையது. வாக்காளர் எவரும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாகாது என்பதைக் கணக்கில் கொண்டுதான் வாக்குச்சாவடிகள் அமைக்கப்படுகின்றன. நாமக்கல் மாவட்டத்துப் போதமலைக்கு வாக்குப்பதிவுப் பொருட்கள் தலைச்சுமையாக ஏறிய தேர்தல்கள் பல. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. வாக்குக்கும் பள்ளிக்கும் தூரக்கணக்கு, வலிப்புக்கும் பாம்புக்கடிக்கும் மட்டும் தலைக்கணக்கு என்பதற்கு நான் பணியில் இருந்த காலம் முழுவதும் யாரும் காரணம் சொன்னதில்லை. இத்தனைக்கும் இது புதிய யோசனையும் அன்று. மலை, பாலைப் பகுதிகளில் குடியிருப்பிலிருந்து நடந்து முப்பது நிமிடத்துக்குள் துணை சுகாதார நிலையத்தை அடையக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற அளவுகோலுக்குத் தேசிய அளவிலான வழிகாட்டுதலிலேயே இடம் இருக்கிறது. தமிழ்நாடு அதைத் தன் மலைகளுக்கு முழுமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நம் மாநிலத்தின் சாதனைகளைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அவற்றில் ஒரு சிறு பங்கு என் கையாலும் நடந்தது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடந்துள்ளன. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 13. 2018–20 கணக்கில் பேறுகால இறப்பு லட்சத்துக்கு 54. நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் பொறாமைப்படும் எண்கள் இவை. ஆயினும் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர், அதாவது மாநில மக்கள்தொகையில் 1.1 சதவீதம் மட்டுமே. அத்தனை பேரின் நிலையும் மோசமானாலும் மாநிலச் சராசரி பெரிதாக அசையாது. சராசரியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வுக் கூட்டத்தில் மலை தென்படாமல் போவதற்கு யாருடைய அலட்சியமும் தேவையில்லை, கணக்கே அதைச் செய்துவிடும்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் நடந்தது நாடறிந்த செய்தி. உறங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் மருத்துவமனையை அடைவதற்குள் குழந்தை இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் மலையேற முடியாமல் பாதி வழியில் நின்றுவிட, பெற்றோர் அதைக் கையில் ஏந்தி நடந்து போனார்கள். செய்தி வெளியானதும் அதிகாரிகள் விரைந்தார்கள், சாலைக்கான பேச்சு எழுந்தது. இத்தகைய ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் சாலையைப் பற்றி மட்டுமே பேசுகிறோம் என்பது என் மனக்குறை. சாலை கட்டாயம் வேண்டும். ஆனால் சாலை வரும்வரை என்ன செய்வது என்ற கேள்வியை நம் துறை கேட்டே ஆக வேண்டும். ஏனெனில் சாலை வருவதற்குள் ஒரு தலைமுறையே கடந்துவிட்ட ஊர்களை நான் அறிவேன்.

சாலைக்குத் தடையாக எப்போதும் காட்டப்படுவது காப்புக்காடு. இங்கே சட்டத்தில் உள்ள ஒரு வழியை நினைவூட்ட விரும்புகிறேன். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, சாலை, மருந்தகம் அல்லது மருத்துவமனை, பள்ளி, அங்கன்வாடி உள்ளிட்ட பதின்மூன்று வகை வசதிகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கிறது. இதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். நீண்ட மலைச்சாலை முழுவதையும் இதில் அடக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு அறை கொண்ட துணை சுகாதார நிலையத்தையும், அதற்குச் செல்லும் ஒரு துண்டு வழியையும் தாராளமாக அடக்கலாம். நம் துறையிலிருந்து இந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பங்கள் போவது அரிது. வனத்துறை மறுத்துவிட்டது என்று கோப்பை மூடுவதற்கு முன், கேட்டோமா என்று ஒருமுறை பார்க்கலாம்.

பாம்புக்கடியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நேரக்கணக்கு எதற்கு என்பதை வேறெந்த நோயும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக நாடு தழுவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இறப்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர்கள். ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் இதற்கெனத் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. நம் மாநிலமும் அதே ஆண்டு நவம்பரில், 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ்ப் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நல்ல முடிவு, மனமார வரவேற்கிறேன். நஞ்சுமுறி மருந்து செய்வதற்குப் பாம்பின் நஞ்சை எடுத்துத் தரும் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குவதும் சென்னையை அடுத்த நம் வடநெம்மேலியில்தான். ஆனால் கடிபட்ட பழங்குடியினருக்கு மருந்து எங்கே கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் மலையடிவாரத்தைத் தாண்டிய தாலுகா மருத்துவமனையில்.

மருந்து மலைக்கு ஏற முடியாததா? இல்லை. உலர்த்தித் தூளாக்கப்பட்ட நஞ்சுமுறி மருந்து, மின்வெட்டுக்கு அஞ்சிக் குளிர்பெட்டியில் பாதுகாக்க வேண்டிய பொருளன்று. திரவ வடிவ மருந்துக்குத்தான் அந்தக் கட்டாயம். முதல் தவணைக்குப் பத்துக் குப்பிகள் போதும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் அது பொதுவானது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. மருந்து ஒவ்வாமையால் நோயாளி சரிந்துவிட்டால் என்ன செய்வது என்று தனியே பணியில் இருக்கும் இளம் மருத்துவர் அஞ்சுகிறார். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டால் பழி தன்மேல் வராது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே சீட்டில் 'ரெஃபர்' என்று எழுதப்படுகிறது, எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு வண்டி கீழே இறங்குகிறது. அட்ரினலின் ஊசியும், ஒவ்வாமையை எதிர்கொள்ளும் பயிற்சியும், தொலைபேசியில் அழைத்தால் எந்நேரமும் எடுக்கும் ஒரு மூத்த மருத்துவரும் இருந்தால், முதல் தவணையைக் கொடுத்துவிட்டே அனுப்பலாம்.

இதில் ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். விரியன் நஞ்சு இரத்தத்தைக் கெடுத்திருக்கிறதா என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தத்தை எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் மருந்தைத் தொடங்க வேண்டும். நான் பார்த்த ஒரு மலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நஞ்சுமுறி மருந்து இருந்தது, கண்ணாடிக் குழாய் இல்லை. பிளாஸ்டிக் குழாயில் எடுத்தார்கள். இந்தச் சோதனைக்கு அது ஆகாது, உறைய வேண்டிய இரத்தமும் அதில் சரியாக உறையாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவி மறுபடி பயன்படுத்தும் கண்ணாடிக் குழாயிலும் இதே கோளாறு நேரும். மருந்தின் இருப்புப் பட்டியலைத் துறை மாதந்தோறும் கேட்கிறது. சில ரூபாய்க் குழாய் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. நரம்பைத் தாக்கும் நஞ்சுள்ள கட்டுவிரியன் கடித்தவருக்கோ இந்தச் சோதனையும் உதவாது. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல் பட்ட தடமே தெரியாது, விடியும்போது வயிற்றுவலி என்பார், பிறகு இமை தொங்கும். அதை இன்னதென்று அடையாளம் காணும் கண் கிராமச் செவிலியருக்கும், ஊரில் ஒன்றிரண்டு இளைஞர்களுக்கும் வந்துவிட்டால், புறப்படும் நேரம் சில மணிகள் முந்தும்.

அடுத்தது, வீட்டிலிருந்து வண்டி நிற்கும் இடம் வரையிலான வழி. 2008 முதல் ஓடும் 108 சேவை தமிழ்நாட்டின் கிராமப்புற மருத்துவத்தையே மாற்றியது, அதில் ஐயமில்லை. ஆயினும் கொடைக்கானல் அருகே வெள்ளகவி போன்ற ஊர்களில், வண்டி வந்து நிற்கும் இடத்துக்கு நோயாளியைக் கொண்டு சேர்ப்பது ஊராரின் தோள்தான். டோலி என்றால் நகரத்தார் பல்லக்கை நினைத்துக்கொள்ளக்கூடும். ஒரு மூங்கில், ஒரு போர்வை, இரண்டு முடிச்சு, அவ்வளவே. இருவர் தூக்க, இருவர் வழி காட்ட, மேடு வந்ததும் ஆள் மாற்ற என்று குறைந்தது எட்டுப் பேராவது வேண்டும். அந்த எட்டுப் பேருக்கும் அன்றைய கூலி போயிற்று. இறக்கத்தில் மூங்கில் முன்பக்கம் சாயும்போது பிரசவ வலியில் இருக்கும் பெண் வழுக்கி வந்துவிடாமல் இருக்க, அவள் கால் பக்கத்துத் துணியைப் பிடித்தபடியே ஒருவர் பின்னோக்கி நடப்பதைக் கண்டிருக்கிறேன். மடக்கித் தூக்கும் மலைத் தூக்குப்படுக்கை ஒன்றை ஒவ்வொரு சாலையில்லாச் சிற்றூருக்கும் கொடுப்பதற்கு எந்தப் புதிய திட்டமும் தேவையில்லை. தூக்கி வருபவர்களின் கூலியையும், தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் ஒவ்வொரு கிராம சுகாதாரக் குழுவுக்கும் ஆண்டுக்கு வழங்கப்படும் 10,000 ரூபாய்க் கட்டற்ற நிதியிலிருந்து (இன்ன செலவுக்கு என்று கட்டுப்படுத்தாத நிதி அது) தரலாம் என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். இப்போது அந்த நிதி பெரும்பாலும் பிளீச்சிங் பவுடருக்கும் பெயர்ப்பலகைக்கும் போகிறது. கைப்பேசிச் சிக்னல் இல்லாத ஊர்களில் 108-ஐ அழைப்பதே பெரும்பாடு என்பதால், வனத்துறையின் வேட்டைத் தடுப்பு முகாம்களில் உள்ள வயர்லெஸ் கருவிகளை மருத்துவ அழைப்புக்கும் பயன்படுத்த இரு துறைகளும் ஓர் உடன்பாட்டுக்கு வரலாம்.

பிரசவக் காத்திருப்பு அறைகளைப் பற்றி ஒரு சொல். பிரசவ நாள் நெருங்கும் பெண்ணை மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முன்கூட்டியே வரவழைத்துத் தங்கவைக்கும் ஏற்பாடு நம் மாநிலம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. நேரக்கணக்கைத் துறை தன்னையறியாமலே ஏற்றுக்கொண்ட இடமும் அதுதான். ஆனால் படுக்கை காலியாகக் கிடக்கிறது என்று குறைபடும் அதிகாரிகள், அந்தப் பெண்ணின் மூத்த பிள்ளையை யார் பார்ப்பார்கள், ஆட்டை யார் ஓட்டிப்போவார்கள், சாமை அறுப்பு நாளில் வீட்டை விட்டு எப்படி வருவாள் என்று கேட்பதில்லை. மூத்த பிள்ளையும் உடன் தங்கலாம், அதற்கும் சோறு உண்டு, துணைக்கு வருபவருக்கு நாள்கூலி உண்டு என்று மாற்றிப் பாருங்கள். அறை நிறையும்.

ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் இம்மடல் முழுமையடையாது. மலைக்குப் பணியிடங்கள் இல்லாமல் இல்லை. பணியிடத்தில் பெயர் மலையில் இருக்கும், ஆள் 'மாற்றுப்பணி'யில் கீழே இருப்பார். முதுநிலைப் படிப்புக்கான ஊக்க மதிப்பெண், அரசு மருத்துவர்களுக்கான இடஒதுக்கீடு ஆகியவற்றின் வழியாக மருத்துவர்களைத் தொலைதூரப் பணிக்கு ஈர்க்கும் முறையைத் தமிழ்நாடு நெடுங்காலம் கட்டிக்காத்தது. மாநிலங்களுக்கு அந்த ஒதுக்கீட்டை வழங்கும் அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றமும் 2020 ஆகஸ்டில் உறுதி செய்தது. அந்தச் சலுகையை மலையில் உண்மையாகக் கழித்த இரவுகளோடு இணையுங்கள். மலை ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து மாற்றுப்பணி ஆணை எதுவும் பிறக்கக்கூடாது என்ற ஒற்றை விதி, பல கோடி ரூபாய்க் கட்டடங்களைவிடப் பயன் தரும். கூடவே, குடியிருக்கத் தகுந்த வீடும் தண்ணீரும் வேண்டும். கதவு இல்லாத குடியிருப்பில் ஓர் இளம் செவிலியரைத் தனியே தங்கச் சொல்லிவிட்டு, அவர் தங்கவில்லை என்று விளக்கம் கேட்பது முறையாகாது.

ஆனால் வெளியிலிருந்து வருபவர் என்றைக்கும் ஒருநாள் இறங்கிப் போவார். மலையிலேயே பிறந்தவரைச் செவிலியராக்குவதே நிலைத்து நிற்கும் வழி. தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் ஒரு குடிசையில் தொடங்கிய மருத்துவமனை, அவ்வூர்ப் பெண்களையே செவிலியர்களாகவும் ஊர் ஊராகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தது. அப்போது ஆயிரத்துக்கு 147 என்று இருந்த குழந்தை இறப்பு, பின்னர் அதில் ஒரு சிறு பங்காகக் குறைந்தது. கூடலூரில் 1990 முதல் இயங்கும் ஆதிவாசி மருத்துவமனையும் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய சமூகத்தவரைக் கொண்டே தன் பணியை நடத்திவருகிறது. இரண்டிலும் அரசு கற்றுக்கொள்ள வேண்டியது கட்டடக் கலையை அன்று, யாரை வேலைக்கு எடுத்தார்கள் என்பதைத்தான்.

துணைச் செவிலியர் பயிற்சியில் மலைவாழ் மாணவியருக்குத் தனி இடங்கள் ஒதுக்கி, அவரவர் மலையிலேயே பணி என்ற நிபந்தனையுடன் சேர்க்கலாம். இதில் ஓர் எச்சரிக்கை: ஒதுக்கீட்டைச் சாதிச் சான்றிதழோடு மட்டும் கட்டிவிடாதீர்கள். சேலத்திலும் தருமபுரியிலும் பழங்குடியினர் பட்டியலில் உள்ள மலையாளி சமூகத்தவர் (கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்), ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அந்தப் பட்டியலில் இல்லை. மாவட்டத்தின் பெயரை வைத்துப் பட்டியல் எழுதப்பட்டதால் நேர்ந்த வினை அது. சான்றிதழைக் கேட்டால் பர்கூர்ப் பெண் வெளியே நிற்பாள். எந்தச் சிற்றூரில் பிறந்து வளர்ந்தாள் என்பதைக் கேட்டால் உள்ளே வருவாள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. மலையில் அதன் குறை ஒன்றுதான்: ஒரு தன்னார்வலர் எத்தனை வீடுகளைப் பார்க்க வேண்டும் என்ற இலக்கு தலைக்கணக்கில் இருக்கிறது. சமவெளியில் ஒரு காலைப்பொழுதில் முடியும் வீடுகளுக்கு மலையில் இரண்டு நாள் நடக்க வேண்டும். ஊக்கத்தொகையோ ஒன்றுதான்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்று நிதித்துறை கேட்கும். நான் கேட்டவற்றில் பெரும் கட்டடம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். கண்ணாடிக் குழாய், தூக்குப்படுக்கை, வயர்லெஸ் உடன்பாடு, மாற்றுப்பணித் தடை, காத்திருப்பு அறையில் கூடுதலாக ஒரு பிள்ளைக்குச் சோறு ஆகியவற்றுக்கு இந்த நிதியாண்டின் ஒதுக்கீட்டிலேயே வழி உண்டு. புதிய துணை நிலையங்களைப் படிப்படியாக எழுப்பலாம். ஆனால் எந்த ஊருக்கு முதலில் என்று முடிவு செய்ய ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல் இன்று எவரிடமும் இல்லை.

ஆகவே முதல் வேலையாக, சவ்வாது, கல்வராயன், கொல்லி, பச்சைமலை, ஏலகிரி, சேர்வராயன், பர்கூர், கடம்பூர், பழனி மலைகளிலும், நீலகிரி, ஆனைமலை, குமரி மாவட்ட மலைகளிலும் உள்ள ஒவ்வொரு சிற்றூருக்கும் நான்கு நேரங்களை அளந்து எழுதச் செய்யுங்கள்: கிராமச் செவிலியரை அடைய, நஞ்சுமுறி மருந்து உள்ள இடத்தை அடைய, சிசேரியன் செய்யக்கூடிய மருத்துவமனையை அடைய, 108 வண்டி ஊருக்கு மிக அருகில் வந்து நிற்கும் இடத்தை அடைய. பகலுக்கு ஒன்று, மழை பெய்யும் இரவுக்கு ஒன்று என இரண்டு அளவுகள் வேண்டும். அலுவலக வரைபடத்தில் அளக்காமல், சுகாதார ஆய்வாளரும் கிராமச் செவிலியரும் ஊரார் இருவருடன் நடந்தே அளக்க வேண்டும். அளந்ததை அந்தந்த ஊராட்சியின் கிராம சபையில் வாசித்து, ஊரார் திருத்தம் சொன்னால் திருத்தி, அதன்பின் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் துறையின் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில் வாசிக்கத் தொடங்கினால், சனவரி 26 கூட்டத்துக்குள் திருத்தங்கள் முடிந்து, அடுத்த நிதிநிலை அறிக்கைக்கான முன்மொழிவுகளைத் துறை அந்தப் பட்டியலின் அடிப்படையிலேயே தயாரிக்கலாம். நடந்து அளப்பதற்கு ஓய்வு பெற்ற எங்களில் யாரையேனும் அழைத்தாலும் வருவோம். வழிகள் எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
மலைப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்